தேசப்படமும் செய்நிரற் கருவியும்

ஒரு தொழிலைச் செய்யப் புகுவோன் முதற்கண் அத்தொழிலின் இயல்பை ஆராய்ந்து, அதன் பின்னரே அதற்கேற்ற கருவியை நாடுதல் உலக வழக்கு. அறுப்பதற்கு வாளும், இழைப்பதற்குச் சீவுளியும், துளைப்பதற்குத் துறப்பணமும் வேண்டுமென்பதைத் தச்சன் அறிவான். இம்மூன்றனுள் எது சிறந்தது என வினவுவார்க்கு அவன் விடை கூறான், "நீர் செய்யக் கருதியது யாது?" என்றே திருப்பிக் கேட்பான். இவ்வளவு தெளிவான உண்மை, கணினியின் துணைகொண்டு தேசப்படம் வரைய முற்படும் மாணவரிடையே மறக்கப்பட்டுவிடுகின்றது. "ஆர் மொழியைக் கற்பதா, பைதன் மொழியைக் கற்பதா? செய்நிரல் எழுதாமலே வேலை முடியுமா? விலைகொடுத்து வாங்கும் மென்பொருளே மேலானதா?" என்னும் வினாக்களோடேயே அவர்கள் தொடங்குகின்றனர். தாம் அறிய விரும்புவது யாதென்பதை வரையறுக்குமுன் கருவியைத் தேடுவதனால் வரும் இடர்ப்பாடு பெரிது. அழகிய படமொன்று கிடைக்கும். அது கூறுவது உண்மையா என்பதை மட்டும் எவரும் அறியார்.

இருப்பிடம் குறிக்கப்பெற்ற தரவையே புவியியற் றரவு என்கின்றோம். கிணற்றின் ஆழம், பாடசாலையின் மாணவர் தொகை, நோயால் இறந்தோர் எண்ணிக்கை ஆகியன வெறுந்தரவுகள். அவை இன்ன அகலக்கோட்டில், இன்ன நெடுங்கோட்டில் உள்ளன என்னும் செய்தி சேர்ந்தவிடத்து அவை புவியியற் றரவுகளாகின்றன. இத்தகைய தரவைப் படமாக்கவும் ஆராயவும் இன்று கிடைக்கும் கருவிகளை எந்நெறியால் தேர்ந்து கொள்வதென்பதை, உலகறிந்த ஓர் உதாரணத்தைத் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வினா முன்னது, கருவி பின்னது

1854 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியிலே கொலரா எனப்படும் வாந்திபேதி நோய் திடீரெனப் பரவிற்று. பத்து நாள்களுள் 500 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நச்சுக்காற்றே இந்நோய்க்குக் காரணமென்பது அக்காலத்து வைத்தியர் பெரும்பாலாரின் கொள்கை. யோன் சினோ என்னும் வைத்தியரோ இந்நோய் குடிநீர் வழியே பரவுகின்றது என 1849 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் புறோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பியின்மீது ஐயங்கொண்டு, இறந்தோர் வீடுகளை ஆராய்ந்து, பங்கு நிருவாகத்தாரிடம் தம் கருத்தை எடுத்துரைத்தார். செப்டெம்பர் 8 ஆந் திகதி அப்பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. நோயின் வேகம் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்ததென்பதையும் சினோ மறைத்தாரல்லர்.

இறந்தோர் வீடுகளைச் சிறு கோடுகளாகக் குறித்து அவர் வரைந்த படம் 1855 ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்படத்தைப் பார்த்தே அவர் உண்மையைக் கண்டுபிடித்தார் எனப் பலர் எழுதுவர். அது பொருந்தாது. கருதுகோள் முன்னரே இருந்தது. படம் அதனைச் சோதிக்கவும் பிறர்க்கு விளக்கவும் பயன்பட்டது. வினா பிறந்தபின்னரே படம் பிறந்தது என்பதை நாம் நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

இப்படத்திலுள்ள 578 இறப்புகளும் 13 நீர்ப்பம்பிகளும் 1992 ஆம் ஆண்டில் ஆள்கூறுகளாக மாற்றப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டன. இன்று எவரும் அத்தரவைப் பெற்று ஆராயலாம். ஆதலால் ஒரே தரவிடத்து வெவ்வேறு வினாக்களை எழுப்பி, எவ்வினாவிற்கு எக்கருவி ஏற்றதென்பதைக் காட்டுதல் எளிதாகின்றது.

வினாவிற்கேற்ற கருவி

முதலாம் வினா: இறப்புகள் எங்கே நிகழ்ந்தன? இதற்குப் புள்ளிகளைப் படத்தில் இட்டாற் போதும். 2002 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, விலையின்றிக் கிடைக்கும் கியூ. ஜி. ஐ. எஸ். என்னும் மென்பொருள் இதனைச் சில நிமிடங்களிற் செய்துதரும். இவ்வளவிற்காகச் செய்நிரல் மொழியொன்றைக் கற்கப் புகுதல் வேண்டாத உழைப்பாகும்.

இரண்டாம் வினா: இறந்த ஒவ்வொருவர் வீட்டிற்கும் மிக அண்மையிலிருந்த பம்பி எது? 578 புள்ளிகளையும் 13 பம்பிகளோடு ஒப்பிடின் 7,514 தூரங்களைக் கணித்தல் வேண்டும். கையாற் செய்யின் பல நாள் செல்லும். பைதன் மொழியில் ஜியோபாண்டாஸ் என்னும் பொதியைக் கொண்டோ, ஆர் மொழியில் எஸ். எவ். என்னும் பொதியைக் கொண்டோ சில வரிகளில் இதனை எழுதி முடிக்கலாம்.

மூன்றாம் வினா: நேர்கோட்டுத் தூரத்தை விடுத்து, வீதிவழியே நடந்து செல்லும் தூரத்தைக் கொண்டால் விடை மாறுமா? நீர் எடுக்கச் சென்றோர் சுவர்களை ஊடறுத்துச் சென்றாரல்லர். இதனைச் சினோவே உணர்ந்து, 1855 ஆம் ஆண்டில் பங்கு விசாரணைக் குழுவின் அறிக்கைக்கு அளித்த படத்திலே, புறோட் வீதிப் பம்பிக்கும் ஏனைய பம்பிகளுக்கும் நடைத்தூரம் சமமாகும் இடங்களை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்தார். இதற்கு வீதிகளைச் சந்திகளும் இணைப்புகளுமாகக் கொண்ட வலையாக அமைத்தல் வேண்டும். பைதனில் ஓ. எஸ். எம். என். எக்ஸ். என்னும் பொதி வீதி வலையை ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் பொதுப்படத்திலிருந்து தானே பெற்றுத் தரும். எனினும், அது தருவது இன்றைய வீதிகளையே. புறோட் வீதியின் பெயர் இன்று புறோட்விக் வீதி என மாறியுள்ளது. அயலிலுள்ள தெருக்கள் சிலவும் மாறியுள்ளன. கருவி எளிதில் தருவதெல்லாம் நம் வினாவிற்கு உரியதன்று.

நான்காம் வினா: பம்பியைச் சூழ இறப்புகள் திரண்டிருப்பது தற்செயலா? இது புள்ளிவிபரவியல் சார்ந்த வினா. மக்கள் செறிந்து வாழும் தெருவில் இறப்பும் மிகுதல் இயல்பாதலால், இறப்புப் புள்ளிகளை மட்டும் எண்ணுதல் போதாது. அங்கு வாழ்ந்தோர் தொகையும் வேண்டும். இத்துறையில் ஆர் மொழி பெருவளமுடையது. நியூசீலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியலாளர் இருவரால் ஆக்கப்பெற்ற மொழியாதலின், இத்தகைய சோதனைகள் அம்மொழியிற் பெரும்பாலும் முதலில் வெளிவருகின்றன. புள்ளிகளின் பரம்பலை ஆராய்வதற்கென்றே ஸ்பாற்ஸ்ராற் என்னும் பொதி அங்குண்டு.

ஒரே தரவு, ஒரே நகர். ஆயினும் வினா மாறக் கருவியும் மாறியது. "எது சிறந்தது?" என்னும் கேள்வி பொருளற்றதென்பது இதனாற் புலப்படும்.

கருவிகளுக்கு அடித்தளமானவை

மொழிகளைப்பற்றி வாதிடுவோர் அறியாத மற்றொன்றும் உண்டு. மேலே கூறிய கருவிகளிற் பல, மூன்று பொதுவான செய்நிரற்றொகுதிகளையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. பலவகைக் கோப்புகளைத் திறந்து வாசிக்கும் ஜி. டி. ஏ. எல். ஒன்று, ஆள்கூறுகளை ஒருமுறையிலிருந்து மற்றொருமுறைக்கு மாற்றும் புரோஜ் மற்றொன்று, கோடு கோட்டை வெட்டுகிறதா, புள்ளி பரப்பினுள் அடங்குகிறதா என்பன போன்ற வடிவக் கணிப்புகளைச் செய்யும் ஜியோஸ் மூன்றாவது. கியூ. ஜி. ஐ. எஸ். உம், போஸ்ற்ஜிஸ் என்னும் தரவுத்தளமும், ஆர் மொழியின் எஸ். எவ். உம், பைதனின் ஜியோபாண்டாசும் இவற்றின்மீதே எழுப்பப்பட்டுள்ளன. ஆகவே ஒரு மொழியை விடுத்து மற்றொன்றைத் தேர்வதனால் உண்மை மாறிவிடும் என அஞ்சவேண்டியதில்லை.

எனினும் மேலுள்ள கருவி எடுத்துக்கொள்ளும் இயல்பான கொள்கைகள் வேறுபடலாம். அகலக்கோடு நெடுங்கோடுகளாக உள்ள தரவை எஸ். எவ். இடம் கொடுத்துத் தூரம் கேட்டால், அது பூமியைக் கோளமாகக் கருதி மீற்றரில் விடை தரும். ஜியோபாண்டாஸ் அதே எண்களைத் தட்டைத்தளத்து எண்களாகவே கொண்டு, பாகையில் விடை தந்து, எச்சரிக்கை ஒன்றையும் வெளியிடும். நெடுங்கோட்டுப் பாகை ஒன்று இலண்டனில் ஏறக்குறைய 69 கிலோமீற்றர். அகலக்கோட்டுப் பாகை ஒன்றோ ஏறக்குறைய 111 கிலோமீற்றர். இரண்டையும் சமமெனக் கொண்டு அண்மைப் பம்பியைத் தேடுவோன் பிழையான பம்பியைச் சுட்டக்கூடும். யாழ்ப்பாணத்தில் நெடுங்கோட்டுப் பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றராதலால், இங்கே அவ்வழு சிறிதாய்த் தோன்றும். சிறிதாய்த் தோன்றுவதனாலேயே நம் மாணவர் அதனைக் கவனியாது விடவும், பின்னர் வடநாட்டுத் தரவொன்றை ஆராயும்போது ஏமாறவும் இடமுண்டு.

ஆள்கூறும் எறியமும்

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் இடுவதற்குக் கையாளும் கணித முறையை எறியம் என்பர். பூமியின் வடிவையும் அளவையின் தொடக்கத்தையும் பற்றிய கொள்கையும் அதனோடு சேர்ந்தே வரும். இக்கொள்கை நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானிய நில அளவைப் படங்களின் ஆள்கூறு 1830 ஆம் ஆண்டு ஏரி என்பார் கணித்த கோளவுருவைத் தழுவியது; செய்மதியின் துணையால் இருப்பிடம் காட்டும் கருவிகள் டபிள்யூ. ஜி. எஸ். 84 என்னும் வேறொன்றைத் தழுவுவன. இரண்டையும் மாற்றமின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இலண்டனில் ஏறக்குறைய 100 மீற்றர் விலகல் தோன்றும். சோகோவில் 100 மீற்றர் என்பது ஒரு தெருவைக் கடந்து அடுத்த தெருவிற்குச் செல்லும் தூரம். இறந்தோர் வேறொரு பம்பியின் எல்லைக்குள் விழுவர். குற்றமற்ற நீரைக் குற்றஞ்சாட்ட நேரும்.

நம் நாட்டிலும் இவ்விடர் உண்டு. ஒருவகையில் இன்னும் மிகுதி. இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் கோளவுருவைத் தழுவிய கண்டவளை அடிப்படையில் அமைந்தவை. பின்னர் 1999 ஆம் ஆண்டின் இலங்கை அடிப்படை வகுக்கப்பட்டது. பழைய கட்டத்தில், பீதுருதாலகாலை மலையை அடுத்த தொடக்கப் புள்ளிக்கு 200,000 மீற்றர் கிழக்கு, 200,000 மீற்றர் வடக்கு எனப் பெறுமானம் இடப்பட்டது. புதிய கட்டத்தில் அவை 500,000 ஆக மாற்றப்பட்டன. பழைய கட்ட எண்களைப் புதியனவெனத் தவறாகக் கொள்வோனுடைய படத்தில் யாழ்ப்பாணம் இலங்கைக்கு வெளியே சென்று நிற்கும். இப்பெரும்பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும், அதனால் தீங்கில்லை. கண்டவளை அடிப்படையிலான அகலக்கோடு நெடுங்கோடுகளைச் செய்மதி ஆள்கூறுகளெனக் கருதுவோன் அடையும் விலகலோ 200 மீற்றரை அண்டியது. அது கண்ணுக்குப் புலனாகாது. குடாநாட்டின் கிணற்றுநீரை ஆராய்பவர்க்கு 200 மீற்றர் விலகின், ஒரு குறிச்சிக் கிணற்றின் உப்பு மற்றொரு குறிச்சியின் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே கருவியைத் தேரும்போது முதலில் நோக்கவேண்டியது, தரவின் ஆள்கூற்றுமுறையை அக்கருவி வெளிப்படையாகக் கூறச் செய்கின்றதா என்பதே. உலகிலுள்ள ஆள்கூற்றுமுறைகள் ஒவ்வொன்றிற்கும் இலக்கம் வழங்கப்பட்டுள்ளது. செய்மதி ஆள்கூற்றிற்கு 4326, கண்டவளை அடிப்படையிலான இலங்கைக் கட்டத்திற்கு 5234, 1999 ஆம் ஆண்டுக் கட்டத்திற்கு 5235 என்பன அவை. செய்நிரலில் இவ்விலக்கம் எழுத்திற் பதிந்து நிற்கும். ஐயுறுவோர் எடுத்துப் பார்க்கலாம். தானே ஊகித்து மௌனமாய் மாற்றிவிடும் கருவி வசதியானதாயினும், ஆராய்ச்சிக்கு அதனை நம்புதல் தகாது.

மீட்டுஞ் செய்யத்தக்க வேலை

சுட்டியை அசைத்துப் படம் வரைவதற்கும் செய்நிரல் எழுதிப் படம் வரைவதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வேகமன்று, சான்றாகும். எத்தரவு எடுக்கப்பட்டது, எவை நீக்கப்பட்டன, எவ்வெல்லைகளால் நிறங்கள் பகுக்கப்பட்டன என்பன யாவும் செய்நிரலில் வரிவரியாக நிற்கும். ஐந்தாண்டு கழித்து வேறொருவர் அதனை இயக்கி அதே படத்தைப் பெறலாம். பிழை இருப்பின் இன்ன வரியில் உள்ளதெனச் சுட்டலாம். கையாற் செய்த வேலையில் இவ்வாய்ப்பு அருகிவிடுகின்றது.

கருவித்தேர்வின் பயன் உயிரோடு தொடர்புடையதென்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கொவிட் நோய்த்தொற்று உறுதிசெய்யப்பட்ட 15,841 பேரின் விபரங்கள் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய வகை அட்டவணைக் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. எஞ்சியவை எச்சரிக்கையின்றி வெட்டுண்டன. அவர்களோடு பழகியோரைத் தேடும் பணி பல நாள் தாமதித்தது. அட்டவணை மென்பொருள் தீயதன்று; அதன் எல்லையை அறியாது பயன்படுத்தியதே தீங்காயிற்று.

கோப்பின் எல்லை தமிழர்க்குத் தனியாகவும் உறைக்கும். புவியியற் றரவுகளைப் பரிமாற நெடுங்காலமாக வழங்கும் சேப் கோப்பில், அட்டவணையின் தலைப்பொன்று பத்து பைற்றுகளுள் அடங்குதல் வேண்டும். இன்றைய ஒருங்குறி முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைற்றுகளைக் கொள்ளும். 'மாவட்டம்' என்னும் சொல் 24 பைற்றுகளாதலின் தலைப்பாக நில்லாது சிதையும். ஜியோபக்கேஜ் என்னும் புதிய கோப்புவகையில் இத்தடையில்லை. ஊர்ப்பெயர்களையும் தலைப்புகளையும் தமிழிலேயே எழுத விரும்புவோர் அதனைக் கொள்ளுதல் நன்று.

கருவியின் ஆயுள்

கருவிக்கும் ஆயுள் உண்டு. ஆர் மொழியில் நெடுங்காலமாக வழங்கிய ஆர்.ஜி.டி.ஏ.எல்., ஆர்.ஜியோஸ், மப்ரூல்ஸ் என்னும் மூன்று பொதிகள் 2023 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஓய்வுபெற்றன. அவற்றைப் பேணியோர் நெடுநாள் முன்னரே அறிவித்து, 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ். எவ். முதலிய புதியனவற்றிற்கு வழிகாட்டியிருந்தனர். அறிவித்தலைக் கவனித்தோர் துன்புற்றிலர். பழைய நூல்களிற் கண்டதை அப்படியே எழுதியோரின் செய்நிரல்கள் இயங்காது நின்றன. ஆதலால் ஒரு பொதியைக் கொள்ளுமுன் அதனைப் பேணுவார் உளரோ, அண்மையிற் புதுக்கப்பட்டதோ என நோக்குக. விலைகொடுத்து வாங்கும் ஆர்க். ஜி. ஐ. எஸ். போன்றவை ஆற்றல் மிக்கவை. திணைக்களங்கள் பலவற்றில் வழங்குவதால் தொழில்நாடுவோர்க்குப் பயன்படுவன. உரிமக்காலம் முடிந்தபின் தம் வேலையைத் தாமே திறக்கவியலாத நிலை நேருமோ என்பதை மட்டும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.

தேர்வுநெறி

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். ஒரு படத்தை ஒருமுறை வரைந்து காட்டுதலே நோக்கமாயின் கியூ. ஜி. ஐ. எஸ். போதும். பரம்பலையும் தொடர்பையும் புள்ளிவிபர முறையாற் சோதிக்க விரும்புவோர் ஆர் மொழியை நாடலாம். செய்மதிப் படங்களைத் திரளாகக் கையாளவும், பிற கணினி வேலைகளோடு இணைக்கவும் விரும்புவோர்க்குப் பைதன் ஏற்றது. தரவு மிகப் பெரிதாகிப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நிலை வரின் போஸ்ற்ஜிஸ் தரவுத்தளம் வேண்டும். பொதுமக்கள் இணையத்திற் பார்க்கும் படமாயின் 2011 ஆம் ஆண்டு வெளிவந்த லீவ்லெற் போதுமானது. இவற்றுள் ஒன்றைத் திருந்தக் கற்றோர்க்கு அடித்தளம் பொதுவாதலின் மற்றொன்று எளிதில் வசப்படும். அனைத்தையும் அரைகுறையாகக் கற்றோர்க்கு ஒன்றும் வசப்படாது.

படம் காட்டாதவை

இறுதியாக ஒன்று. சோகோவில் ஏழைகள் விடுதியொன்றில் 535 பேர் வாழ்ந்தனர். அவருள் மாண்டோர் ஐவரே. அவ்விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. பம்பியின் அயலிலிருந்த பியர் வடிசாலையின் தொழிலாளர் 70 இற்கு மேற்பட்டோருள் எவரும் கொலராவால் இறந்திலர். அவர்கள் அந்நீரைக் குடித்திலர். பம்பிக்கு வெகு தொலைவில், ஹம்ஸ்ரெட் என்னுமிடத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரோ இறந்தார். புறோட் வீதி நீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் வண்டியில் வருவித்துக் குடித்தவர் அவர். படத்தை மட்டும் நோக்குவோர்க்கு இம்மூன்றும் விதிவிலக்குகள். தொலைவிலுள்ள அப்புள்ளியைக் கணிப்பிற் பொருந்தாததென நீக்கிவிடுதல் எந்தச் செய்நிரலுக்கும் ஒருவரி வேலை. சினோவின் கொள்கையை முதலில் ஏற்க மறுத்த ஹென்றி வைற்ஹெட் என்னும் இளங்குருவானவரும் வீடுவீடாகச் சென்று வினவியபின்னரே அதனை ஒப்புக்கொண்டார். பொருந்தாப் புள்ளிகளே உண்மைக்கு வலிய சான்றாயின.

கருவி, கேட்டதற்கு விடை கூறும், கேளாததைக் கூறாது. எதனைக் கேட்பதென்பதும், கிடைத்த விடையை எவ்விடத்திற் சென்று சரிபார்ப்பதென்பதும் ஆராய்வோன் கடமைகள். நம் மாணவர் வினாவைத் தெளிந்து, ஆள்கூற்றை அறிந்து, பிறர் மீட்டுஞ் செய்து பார்க்கத்தக்க வகையில் தம் வேலையை எழுதிவைப்பாராயின், அவர் கையில் எக்கருவி இருப்பினும் அது நற்கருவியேயாகும்.